லண்டன் மாரத்தான் ஓடி புற்றுநோய் உதவி நிறுவனத்துக்கு நிதி திரட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

லண்டன் மாரத்தானின் 2026 ஓட்டத்துக்குப் பொதுக் குலுக்கலில் பெயர் கொடுத்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். 2025 ஏப்ரலில் ஓடி முடித்தவர்கள் 56,640 பேர், அதுவே அப்போது உலக சாதனை. ஆகவே குலுக்கலில் நம் பெயர் விழும் என்று காத்திருப்பது லாட்டரிச் சீட்டை நம்பி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரிதான். லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் நம் ஆட்களில் பலர் உள்ளே போவது இன்னொரு வாசல் வழியாக. தொண்டு நிறுவனங்கள் மாரத்தான் அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே இடங்களை வாங்கி வைத்திருக்கும், "இவ்வளவு நிதி திரட்டித் தருகிறேன்" என்று ஒப்புக்கொள்பவருக்கு அதில் ஒன்றைக் கொடுக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் 2,000 பவுண்டை ஒட்டி இருக்கும்.

42.195 கிலோமீட்டரை எப்படி ஓடுவது என்று சொல்லித்தர ஆயிரம் அட்டவணைகள் இருக்கின்றன. 2,000 பவுண்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான் பலரும் பணத்தை மார்ச் வரை தள்ளிப்போடுகிறார்கள், அந்த மார்ச்சில்தான் ஞாயிறுகளில் 30 கிலோமீட்டர் வரை ஓட வேண்டியிருக்கும், கால் வலியோடு படுத்துக்கொண்டு யாருக்கும் மெசேஜ் அனுப்பத் தோன்றாது. என் கருத்து இதுதான்: ஜனவரியில் பயிற்சி தொடங்குவதற்குள் பாதிப் பணம் வந்துவிட வேண்டும். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது.

1. எந்த நிறுவனம் என்று முடிவு செய்யுங்கள்

"கேன்சருக்காக ஓடுகிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது, ஏனென்றால் பணம் எங்கே போகிறது என்று முதல் மாமாவே கேட்பார். கேன்சர் ரிசர்ச் யூகே ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிக்கும் நிறுவனம். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நேரடியாகத் துணை நிற்பது வேறு வகை. மக்மில்லன் கேன்சர் சப்போர்ட் அப்படிப்பட்டது. தன் தந்தை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த டக்ளஸ் மக்மில்லன் 1911இல் தொடங்கியது. மக்மில்லன் நர்ஸ் என்று நாம் சொல்பவர்களில் பலர் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் ஊழியர்கள்தான், அந்தப் பணியிடத்தை உருவாக்க முதலில் பணம் தருவது மக்மில்லன். இலவசத் தொலைபேசி உதவியும் உண்டு, ஆங்கிலம் வராத அம்மா அப்பா பேச வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். நம் வீடுகளில் இது தெரியாமலே மருத்துவமனைக்கு அலைபவர்கள் நிறைய, நிதி கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பணம் தராதவருக்கும் பயன்படும்.

மேகிஸ் என்பது இன்னொன்று. முதல் மையம் எடின்பரோவில் 1996இல் திறந்தது, இப்போது பல புற்றுநோய் மருத்துவமனைகளின் பக்கத்திலேயே இருக்கிறது. முன்பதிவு எதுவும் வேண்டாம், கதவைத் திறந்து உள்ளே போய் ஒரு டீ குடித்துக்கொண்டே பேசலாம். மேற்கு லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் மையம் 2009இல் கட்டடக் கலைக்கான ஸ்டெர்லிங் பரிசே வாங்கியது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு யார் வந்து நின்றார்களோ அவர்களுக்கே ஓடுங்கள், கேட்கும்போது வார்த்தை தானாக வரும். அப்படி யாரும் இல்லையென்றால் சின்ன நிறுவனங்களைப் பாருங்கள், விண்ணப்பம் குறைவாக வரும். எதுவானாலும் தொண்டு நிறுவனங்களைப் பதிவு செய்யும் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைச் சரிபார்ப்பது இரண்டு நிமிட வேலை.

2. இடத்துக்கு விண்ணப்பிப்பது

குலுக்கல் முடிவு கோடையில் வரும். வந்த அன்றே இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் தொண்டு நிறுவனங்களின் பக்கம் திரும்புவார்கள். அதற்கு முன்பே விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருங்கள். படிவத்தில் முக்கியமான கேள்வி "எப்படி நிதி திரட்டுவீர்கள்?" என்பது. "நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்பேன்" என்று எழுதினால் அது ஆயிரத்தில் ஒன்று. "அலுவலகத்தில் 40 பேர், நிறுவனம் அதே தொகையைத் தன் பங்காகச் சேர்க்கும், தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழாவில் உணவுக் கடை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 60 பேர்" என்று கணக்கோடு எழுதுங்கள். நீங்கள் வேகமாக ஓடுவீர்களா என்பதில் அவர்களுக்கு அக்கறை இல்லை.

கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் எவ்வளவு, அது திரட்டும் தொகையில் சேராதுதானே, காயம் பட்டு ஓட முடியாமல் போனால் இடம் அடுத்த வருடத்துக்குத் தள்ளப்படுமா, தொகை குறைந்தால் என்ன செய்வார்கள், பணம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி. முடியாமல் போனால் உங்கள் ஓட்ட எண்ணைத் தம்பிக்கோ நண்பனுக்கோ கொடுத்து ஓடச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. விதிமீறல் என்பது ஒருபக்கம், வழியில் அவர் மயங்கி விழுந்தால் மருத்துவர் பார்க்கும் விவரங்கள் உங்களுடையதாக இருக்கும்.

லண்டன் கிடைக்கவில்லையா? பிரைட்டன், மான்செஸ்டர், எடின்பரோ எல்லாம் வசந்தகாலத்தில்தான். அங்கே இடமும் சுலபம், நிறுவனங்கள் கேட்கும் தொகையும் பொதுவாகக் குறைவு.

3. பணம் கேட்பது

இங்கே கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் நம்மில் பலருக்கு 30 கிலோமீட்டர் ஓடுவதைவிட ஒரு சித்தப்பாவிடம் 30 பவுண்டு கேட்பது கஷ்டம்.

முதலில் நிதிப் பக்கத்தைத் திறங்கள். ஜஸ்ட்கிவிங், என்த்யூஸ் மாதிரித் தளங்களில் எது என்று நிறுவனமே சொல்லிவிடும். பக்கத்தில் உங்கள் படம் ஒன்று, ஏன் ஓடுகிறீர்கள் என்று ஐந்தாறு வரி, அவ்வளவு போதும். நோயுற்றவரின் பெயரையோ படத்தையோ போடும் முன் அவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்டே ஆக வேண்டும். நம் குடும்பங்களில் புற்றுநோயை வெளியில் சொல்லாமல் மூடி வைப்பவர்கள் இன்றும் அதிகம், பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம், அக்கம்பக்கத்துப் பேச்சு, எத்தனையோ காரணம். அவர்கள் வேண்டாம் என்றால் "எனக்கு நெருக்கமான ஒருவர்" என்று எழுதுங்கள். வாசிப்பவருக்கு அதுவே புரியும்.

பக்கத்தை ஊருக்கு அறிவிக்கும் முன் நீங்களே ஒரு தொகை போடுங்கள், கூடவே கையிறுக்கம் இல்லாத இரண்டு மூன்று நண்பர்களையும் போடச் சொல்லுங்கள். பின்னால் வருபவர்கள் மேலே உள்ள தொகைகளைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்வார்கள். முதல் வரிசையில் 50, 50, 30 என்று இருந்தால் அடுத்தவர் 5 பவுண்டு போடத் தயங்குவார். முதல் ஆளே 5 போட்டிருந்தால் கதை வேறு. மொய் எழுதும் நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் கேட்பது. குடும்பக் குழுவில் லிங்க்கை மட்டும் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பதினைந்து கட்டைவிரல், எட்டுக் கைகூப்பு, பணம் பூஜ்யம். ஆளாளுக்குத் தனியாக அனுப்ப வேண்டும், தொகையைச் சொல்லிக் கேட்க வேண்டும். இப்படி:

"மாமா, ஏப்ரல் கடைசியில லண்டன் மாரத்தான் ஓடப்போறேன், மக்மில்லனுக்காக. பெரியம்மா கடைசி மாசங்கள்ல வீட்டுக்கு ஒரு நர்ஸ் வருவாங்களே, அவங்க மக்மில்லன் நர்ஸ்தான். 2,000 பவுண்டு சேர்க்கணும், இதுவரைக்கும் 640 வந்திருக்கு. உங்ககிட்ட ஒரு 50 எதிர்பார்க்கிறேன் மாமா, எது முடிஞ்சாலும் சந்தோஷம்தான். லிங்க் கீழே இருக்கு. ஆன்லைன்ல கஷ்டமா இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை நானே வந்து வாங்கிக்கிறேன்."

உறவு, காரணம், எவ்வளவு வந்திருக்கிறது, எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், முடியாதவருக்கு ஒரு வழி. எல்லாம் இதில் இருக்கிறது. மாதக் கடைசியில் அனுப்புங்கள், இங்கே பலருக்கும் சம்பளம் வருவது அப்போதுதான். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், தப்பில்லை, மறந்திருப்பார்கள். மூன்றாவது முறை வேண்டாம்.

பெரியவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லி வையுங்கள்: சில தளங்களில் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் தளத்துக்கென்று ஒரு தொகை தானாகவே சேர்ந்திருக்கும். அது விருப்பத்தொகைதான், பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். இது தெரியாமல் கட்டிவிட்டு "அறுவது எடுத்துட்டான்டா" என்று அவர் கோபப்படுவது உங்களிடம்தான்.

அலுவலகத்தில் ஹெச்ஆரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஊழியர் திரட்டும் தொகைக்கு நிறுவனம் ஈடாகப் பணம் போடும் திட்டம் உண்டா? பல பெரிய நிறுவனங்களில் உண்டு, யாரும் கேட்காததால் அப்படியே கிடக்கும். சில இடங்களில் ஓட்டத்துக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கும், அதனால் ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள்.

உணவு விற்பது நம் பலம். தமிழ்ப் பள்ளி விளையாட்டு விழா, சங்க நிகழ்ச்சி, கிரிக்கெட் போட்டி என்றால் மட்டன் ரோல்ஸ் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கோயில் என்றால் சுண்டலும் வடையும், நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு. பொருள் வாங்கிய செலவை முடிந்தால் நீங்களோ நண்பர்களோ ஏற்றுக்கொள்ளுங்கள், அப்போது "விற்ற பணம் முழுவதும் நிதிக்கே" என்று தைரியமாகப் பலகை வைக்கலாம். முந்திரி, வேர்க்கடலை, எள், பால், கோதுமை எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள், ஒவ்வாமை விளையாட்டு இல்லை. உண்டியலோடு தெருவில் நின்று வசூலிக்க மட்டும் உரிமம் வேண்டும், லண்டனில் அதைக் கொடுப்பது போலீஸ். கடை வாசல் என்றால் கடைக்காரர் அனுமதி போதும்.

4. கிஃப்ட் எய்ட்: விட்டுவிடக் கூடாத 25 சதவீதம்

இங்கிலாந்தில் வருமான வரி கட்டுபவர் தன் சொந்தப் பணத்தைத் தரும்போது கிஃப்ட் எய்ட் பெட்டியில் டிக் செய்தால், அரசு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்த்து நிறுவனத்துக்குக் கொடுக்கும். 40 பவுண்டு 50 ஆகிறது. கொடுப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. உயர் விகிதத்தில் வரி கட்டுபவர் வித்தியாசத்தைத் திரும்பப் பெறவும் முடியும், ஐடிக்கார நண்பர்களிடம் இதைச் சொன்னால் கை கொஞ்சம் தாராளமாகும்.

தவறு நடப்பது ரொக்கத்தில். பத்துப் பேரிடம் பத்துப் பத்தாக வாங்கி, நூறையும் ஒருவர் தன் கார்டில் தன் பெயரில் கிஃப்ட் எய்டோடு கட்டிவிடுவது வழக்கமாக நடக்கிறது. அது செல்லாது, அந்தப் பணம் அவருடையதில்லையே. அதற்குத்தான் ஸ்பான்சர் படிவம். ஒவ்வொருவரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, போஸ்ட்கோடு, தொகை, டிக். பெரியவர் பேனாவைத் தேடினால் எடுத்துக்கொடுங்கள், விவரத்தையும் டிக்கையும் அவரே போடட்டும். ரோல்ஸ் விற்ற பணத்துக்கும் ராஃபிள் சீட்டுக்கும் கிஃப்ட் எய்ட் கிடையாது, பதிலுக்கு ஒரு பொருளோ வாய்ப்போ கிடைத்துவிடுகிறதே. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ உறவினர்கள் கார்டில் கட்டலாம், ஆனால் இங்கே வரி கட்டாதவர் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. பொதுவாக இந்தக் கூடுதல் பணம் உங்கள் 2,000 இலக்கில் சேராது, அதன் மேல் நிற்கும்.

5. பயிற்சி

இப்போது ஓட்டம். நீங்கள் ஓடியே பழக்கமில்லாதவர் என்றால் இடம் கிடைத்த கோடையிலேயே என்ஹெச்எஸ்ஸின் கவுச் டு 5கே செயலியைத் தொடங்குங்கள், ஒன்பது வாரத் திட்டம், இலவசம். அது முடிந்ததும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு உங்கள் ஊர்ப் பூங்காவில் நடக்கும் பார்க்ரன். 2004இல் புஷி பார்க்கில் தொடங்கியது, 5 கிலோமீட்டர், காசு கிடையாது, நடந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டிசம்பருக்குள் நிற்காமல் 10 கிலோமீட்டர் வந்துவிட்டால் போதும்.

தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் ஆபத்து அதிகம். 40 வயதைத் தாண்டியவர் முதலில் ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப மருத்துவரிடம், போய் வாருங்கள், இங்கிலாந்தில் 40 முதல் 74 வரை இலவச என்ஹெச்எஸ் உடல்நலப் பரிசோதனை இருக்கிறது. நீங்களே புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்து மீண்டவர் என்றால் உங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்காமல் ஷூவை வாங்க வேண்டாம்.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து 16 வாரம். வாரத்தில் நான்கு நாள் போதும்: இரண்டு சின்ன ஓட்டம், ஒரு நடுத்தர ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டம் ஜனவரியில் 12இலிருந்து 16 கிலோமீட்டர், பிப்ரவரியில் 18இலிருந்து 24, மார்ச் நடுவில் ஒரு அரை மாரத்தான் போட்டி, மார்ச் கடைசியில் ஒருமுறை 30 அல்லது 32. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு விடுங்கள். கடைசி மூன்று வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்த நேரத்தில் பயம் வந்து கூடுதலாக ஓடுபவர்கள்தான் தொடக்கக் கோட்டுக்கு நொண்டிக்கொண்டு வருகிறார்கள்.

வேகம்? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிய வேண்டும், மூச்சு வாங்கினால் குறையுங்கள். 5 மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு சுமார் 7 நிமிடம் 7 விநாடி, அவ்வளவுதான்.

லண்டன் ஜனவரியில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஒளிரும் மேல்சட்டை, தலைவிளக்கு, கையுறை. பாதையில் பனி உறைந்திருந்தால் ட்ரெட்மில், அல்லது அன்று விடுமுறை. குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி என்பது இங்கே எல்லாருக்குமான அறிவுரை, நம் தோல் நிறத்துக்கு வருடம் முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். ஷூ வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக இருக்கட்டும், நீண்ட தூரத்தில் பாதம் வீங்கும். தொடை உரசும் இடம், அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, எல்லாவற்றிலும் வாஸ்லின். வெட்கப்பட்டால் ரத்தம் வரும்.

சாப்பாட்டில் நமக்குப் பெரிய சிக்கல் இல்லை, சோறும் இட்லியும் மாவுச்சத்துதான். சிக்கல் கூட வரும் சாம்பார், கீரை, கடலை வகைகளில். முந்தின நாள் அவற்றைத் தவிர்த்து வெறும் தயிர்சோறு, உருளைக்கிழங்கு. ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும், ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20இலிருந்து 25 கிராம் வரை இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெல் பிடிக்காதவர்கள் பேரீச்சம்பழம், சர்க்கரை மிட்டாய் வைத்துச் சமாளிப்பார்கள். எதுவானாலும் நீண்ட ஓட்டங்களில் சோதித்துப் பார்த்ததை மட்டுமே அன்று வாயில் போடுங்கள்.

6. ஓட்ட வாரமும் ஓட்ட நாளும்

ஓட்ட எண்ணை வாங்க கிழக்கு லண்டனில் இருக்கும் எக்செல் கண்காட்சி அரங்குக்கு அடையாள ஆவணத்தோடு நீங்களே போக வேண்டும், ஓட்டத்தன்று கிடைக்காது. சனிக்கிழமை போனால் வரிசையில் கால் கெட்டுவிடும், புதன் அல்லது வியாழன் போங்கள். நிறுவனம் தரும் பனியனில் பெயரைப் பெரிதாக ஒட்டுங்கள், ஆனால் சிவசுப்பிரமணியம் என்று முழுதாக வேண்டாம். "சிவா" என்று போட்டால் ஊரே கத்தும்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இட்லி, பையில் வாழைப்பழமும் ஜாம் தடவிய ரொட்டியும், ஏனென்றால் உங்கள் முறை வரும்போது மணி 11கூட ஆகலாம். பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய் தொடக்கத்தில் கழற்றிவிடுங்கள், அதையும் சேகரித்துத் தானம் செய்துவிடுவார்கள்.

கிரீனிச் பக்கம் முதல் சில மைல்கள் இறக்கம். எல்லாரும் இங்கே வேகமாக ஓடி, பின்னால் அதற்கு வட்டி கட்டுவார்கள். 6 மைலைத் தாண்டியதும் கட்டி சார்க் கப்பல், பன்னிரண்டரை மைலில் டவர் பிரிட்ஜ். பாலத்தின் கூச்சலில் மெய் சிலிர்க்கும், அடுத்த நிமிடமே வலதுபக்கம் திரும்பினால் சாலையின் மறுபாதியில் 22ஆவது மைலைத் தாண்டிப் போகிறவர்கள் எதிரே வருவார்கள். அவர்களைப் பார்க்காதீர்கள், மனசு விட்டுப்போகும். கேனரி வார்ஃபில் உயரமான கட்டடங்களுக்கு நடுவே கைக்கடிகாரத்தின் ஜிபிஎஸ் தாறுமாறாகக் காட்டும், சாலையோர மைல் பலகைகளை மட்டும் நம்புங்கள். சக்தி வற்றிப்போய் கால் நிற்கும் அந்த இடம் 20ஆவது மைலைச் சுற்றி வரும். நடக்கலாம், வெட்கமில்லை. குடும்பத்தை டவர் பிரிட்ஜில் நிறுத்தாமல், கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து 20 மைலுக்கு மேல் நிற்கச் சொல்லுங்கள், அங்கேதான் உங்களுக்கு அவர்கள் தேவை. பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆட்களுக்காக வழியில் உற்சாகக் கூட்டம் நிறுத்தும், எந்த மைலில் என்று முன்பே கேட்டுவையுங்கள்.

தண்ணீர் ஒவ்வொரு இடத்திலும் கிடைக்கிறதே என்று குடித்துக்கொண்டே போகாதீர்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து. தாகத்துக்கு மட்டும். வலி நிவாரணி என்று இபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

7. மெடல் வாங்கிய பிறகு

அன்று மாலையே மெடலோடு ஒரு படம், ஓடிய நேரம், வந்திருக்கும் தொகை, லிங்க். எல்லாக் குழுக்களிலும் போடுங்கள். "ஓடி முடிக்கட்டும், பார்க்கலாம்" என்று காத்திருந்தவர்கள் போடுவது அந்த இரண்டு நாளில்தான். "அப்புறம் போடுறேன்" என்று சொன்னவர்களின் பெயர்களை முன்பே குறித்து வைத்திருந்தால் தனியாக ஒரு வரி அனுப்பலாம்: "சித்தி, முடிச்சிட்டேன்! இன்னும் 180 பவுண்டு பாக்கி."

கொடுத்தவர்களுக்கு நன்றியைப் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள், பெரியவர்களுக்கு ஒரு போன். அலுவலகத்தின் ஈட்டுத்தொகைப் படிவம் இருந்தால் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ரொக்கத்தை நிறுவனத்துக்குக் கட்டும்போது உங்கள் பெயரும் ஓட்டத்தின் பெயரும் சேர்ந்து போக வேண்டும், இல்லையென்றால் யார் கணக்கில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்பான்சர் படிவங்களின் மூலத்தைக் கட்டாயம் அனுப்பிவிடுங்கள், கிஃப்ட் எய்டைக் கோர அது வேண்டும், உங்களிடம் ஒரு புகைப்படம் இருக்கட்டும். நிதிப் பக்கத்தை உடனே மூட வேண்டாம். கெடு தேதி வரை திறந்தே இருக்கட்டும், கால் நகம் கறுத்து விழும்வரைகூட யாராவது ஒருவர் பத்துப் பவுண்டு போட்டுக்கொண்டிருப்பார்.